காற்றை இறக்கத்தான் கம்ப்ரசர்

"தமிழ்நாட்டுல பஞ்சர் கடை இல்லாத ஊர் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்." என் மஹிந்திரா தார் ஜீப்பில் நிரந்தரமாக ஒரு ஏர் கம்ப்ரசர் பொருத்தப் போகிறேன் என்று சொன்னதும் என் மைத்துனர் கேட்டது இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலியில் கிளம்பித் திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கொட்டகைகள்! வாசலில் மாட்டிய பழைய டயர், உள்ளே பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், கூப்பிட்டால் ஓடி வரும் ஒரு பையன். பெட்ரோல் பங்கில் காற்றுக்குக் காசே கிடையாது. போதாததற்கு, லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்ப் ஒன்றும் என் டிக்கியில் ஏற்கெனவே கிடந்தது. இதற்கு மேல் என்ஜின் பக்கம் இடம் தேடி, பேட்டரியிலிருந்து தனியாக வயர் இழுத்து, காசையும் செலவழித்து எதற்கு இன்னொன்று? அவசரத்துக்கு உதவும், காட்டுப் பக்கம் பஞ்சர் ஆனால் கைகொடுக்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பஞ்சருக்குத்தான் ஸ்டெப்னி இருக்கிறதே என்று அதையும் முடித்துவிட்டார். எனக்குள் வேறொரு பதில் இருந்தது. அது ஒரு மாலை நேரத்து மணலில் கிடைத்த பதில். நாலு வார்த்தையில் சொல்ல வராததால், இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

தேரியில் ஒரு பேரம்

உடன்குடிப் பக்கம் நண்பன் ஒருவனின் குடும்பத்துக்குப் பனங்காடு இருக்கிறது. தேரி மண். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த, விரலிடுக்கில் நிற்காமல் வழியும் மண். அதில் வெகு தூரம் வனத்துறைக்குச் சொந்தமான காடு. அங்கே வண்டியை விடக் கூடாது, விடவும் மாட்டோம். நாங்கள் போனது அவர்களுடைய சொந்த நிலத்துக்குள், கருப்பட்டி காய்ச்சும் விடிலி வரைக்கும் போகும் தடத்தில். பதநீர்க் காலம். காலையில் பனி ஈரத்தில் இந்த மண் கொஞ்சம் இறுகிக் கிடக்கும். சொந்தக்காரர்களின் குட்டியானை மினி லாரிகூட அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்து போகும். நாங்கள் போய்ச் சேர்ந்தது பிற்பகல். மண் காய்ந்து, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தது.

நாலு வண்டிகள். தடம் தொடங்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி, டயர்களைப் பார்த்தபடி நின்றோம். மணலில் இறங்கும் முன் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பேச்சு. ஒருவர் 18 பிஎஸ்ஐ என்றார், காற்றழுத்தத்தை அளக்கும் அலகு அது. இன்னொருவர், இவ்வளவு தூரத்துக்கு 26 போதும் என்றார். அப்போது ஒருவர், "சரி, எறக்கிடலாம், திரும்ப யாரு அடிக்கிறது? இருக்கிறது ஒரு சின்ன பம்ப். நாலு வண்டிக்கும் அடிச்சு முடிக்க ராத்திரி ஆயிடும்" என்றார். அதற்கப்புறம் யாரும் 18 என்ற எண்ணைச் சொல்லவில்லை. 25 என்று முடிவானது. மண்ணை யாரும் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. திரும்பும்போது ஆகப்போகும் நேரத்தை வைத்தே அந்த எண் தீர்மானமானது.

விடிலிக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. ஆடிக் காற்றில் வருஷா வருஷம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும் மேடு. முதல் இரண்டு வண்டிகள் வேகத்தில் ஏறிவிட்டன. மூன்றாவது, இருப்பதிலேயே கனமான வண்டி, பாதியில் நின்றது. ஓட்டியவர் ஆக்சிலேட்டரை அழுத்த, நாலு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைப் பின்னால் வாரி இறைத்தன. கிளட்ச் கருகும் வாடை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி தாழ்ந்து, அச்சு மண்ணில் உட்கார்ந்தது. தடத்தில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம். ஓரத்தில் போன வருஷம் கொட்டை ஊன்றி முளைத்த ஒரு வடலி, இளம் பனை, வேர் தெரியச் சாய்ந்துவிட்டது.

நண்பனின் பெரியப்பா விடிலி நிழலிலிருந்து எழுந்து வந்தார். யாரையும் திட்டவில்லை. சாய்ந்த வடலியை நிமிர்த்தி, காலால் மண்ணை அணைத்து மிதித்துவிட்டு, "காத்த எறக்குங்கய்யா. டிராக்டருக்கு நாங்க என்ன அம்புட்டு காத்தா வைக்கோம்? மண்ணுக்குள்ள வந்துட்டு காத்துக்குக் கணக்குப் பாக்காதீங்க" என்றார். 15-க்கு இறக்கினோம். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் குச்சியால் அழுத்திப் பிடித்து, கேஜ் வைத்துப் பார்த்து, மறுபடி அழுத்தி. டயரின் பக்கச் சுவர் மெல்லப் பிதுங்கி, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் நீளம் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரித்துவிட்டு, நாலு சக்கரமும் மெதுவாக, முழு இழுவையோடு சுற்றும் 4எல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் எடுத்தார்கள். இவ்வளவு நேரம் அடம்பிடித்த வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்து வெளியே வந்தது.

அதோடு முடியவில்லை. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் பம்ப் வரிசை தொடங்கியது. ஒரு வண்டி முடிவதற்குள் பம்ப் சூடாகித் தானாக நின்றது. ஆறுவதற்குக் காத்திருந்தோம். இருட்டிவிட்டது. இரண்டு பேர், "மெதுவா போய் ஊருக்குள்ள அடிச்சுக்கிறோம்" என்று 15-லேயே கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று திருச்செந்தூர் வரை அப்படியே போயிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த டயரின் பக்கச் சுவரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் வரும் சூடு அது. உள்ளே ரப்பரும் நூலும் பிரிய ஆரம்பித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் நாலுவழிச் சாலையில் 100-இல் போகும்போதுதான் தெரியும். பஞ்சர் கடை எங்கும் இருக்கிறது என்பது உண்மை. நமக்குக் காற்று வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அது திறந்திருக்க வேண்டுமே.

அன்றிரவு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். கம்ப்ரசர் என்றால் காற்று ஏற்றும் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் திரும்ப ஏற்றுவது சுலபம் என்று தெரிந்தவன்தான் தயங்காமல் இறக்குவான். அந்த நம்பிக்கை இல்லாதவன் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் பேரம் பேசுவான். பேரத்தின் விலையைக் கிளட்சும் அச்சும் கொடுக்கும், அடுத்தவர் தடமும் கொடுக்கும்.

காற்றின் கணக்கு

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாலு சக்கர வண்டி ஒன்று 1.7 டன் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 425 கிலோ. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். 30 பிஎஸ்ஐயில் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 15-க்கு இறக்கினால் ஏட்டுக்கணக்கில் அது இரட்டிப்பாகிறது. பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் நடைமுறையில் சற்றுக் குறையும். கூடும் பரப்பில் பெரும்பகுதி அகலத்தில் வருவதில்லை, நீளத்தில் வருகிறது. பாரம் நீளமாகப் பரவும்போது சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்து அதன் மேல் ஏற வேண்டிய அவசியம் குறைகிறது. என்ஜின் சக்தி எவ்வளவு இருந்தாலும் இந்த வேலையை அதனால் செய்ய முடியாது. 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் எங்கள் மண்ணுக்கு 15 போதும் என்று வைத்திருக்கிறேன்.

இனி ஏற்றும் கணக்கு. 15 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். ஆக 15-லிருந்து 30-க்கு ஏற்ற வேண்டும் என்றால், அந்த டயரின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு வெளிக்காற்றை இன்னொரு தடவை உள்ளே தள்ள வேண்டும். 18 அங்குல ரிம்மில் உட்காரும் தார் டயருக்கு அது 60 லிட்டரை ஒட்டி வரும். நாலுக்கும் சேர்த்து 240. லைட்டர் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான். 12 வோல்ட்டில் 180 வாட்டுக்கு மேல் அது கொடுக்காது. அதில் ஓடும் சின்ன பம்ப் நிமிடத்துக்குப் 12 லிட்டர் தள்ளினாலே நல்ல பம்ப். வண்டிக்கு 20 நிமிடம், ஆறவைக்கும் நேரம் தனி. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது எதிர்ப்பே இல்லாமல் வெறும் காற்றில் ஓடும்போது அளந்தது; 30 பிஎஸ்ஐயை எதிர்த்துத் தள்ளும்போது குறையும். அதே மாதிரி 'ட்யூட்டி சைக்கிள் 50 சதவீதம்' என்றால், ஓடும் நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கணக்கையும் மிதமான வெயிலில்தான் போடுகிறார்கள். சித்திரை மாதத்து 40 டிகிரிக்கு இன்னும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த உண்மையைப் பட்டாளத்துக்காரர்கள் எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கடலிலிருந்து நேராகக் கரையேறும்படி அமெரிக்கர்கள் செய்த டக் என்ற நீர்நில லாரியில், ஓட்டுநர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஆறு சக்கரத்துக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது. கடற்கரை மணலுக்கு மெத்தென்று, ரோடு வந்ததும் விறைப்பாக. இறங்கிக் குனிந்து செய்ய வேண்டிய வேலையாக இருந்திருந்தால் குண்டு மழைக்கு நடுவில் யார் செய்திருப்பார்கள்? கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் செய்வார்கள் என்று புரிந்து வடிவமைத்திருக்கிறார்கள். அந்த முறைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

அண்ணாச்சியின் பட்டறை

பொருத்துவதற்கு நான் போனது கார் அக்சசரீஸ் கடைக்கு இல்லை. லாரிகளுக்கு ஏர் பிரேக்கும் வயரிங்கும் பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம். லாரிக்காரர்களுக்கு வண்டிக்குள் கம்ப்ரசர் என்பது அதிசயமே கிடையாது. என்ஜினோடு சேர்ந்தே ஓடி, டேங்கில் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். பிரேக்குக்குப் போக, கேபினில் தூசி ஊதவும் டயருக்கு அடிக்கவும் அதே காற்றுதான். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரிகளைக் கேட்கவே வேண்டாம், பாறையைத் துளைக்கும் கம்ப்ரசரையே சுமந்துகொண்டு நாடு முழுக்கச் சுற்றுகின்றன. அதனால் அண்ணாச்சி 'எதுக்கு' என்று கேட்கவில்லை. கம்ப்ரசரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன ஆம்பியர் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சுமை ஏறும்போது 25 வரை இழுக்கும் என்றேன். பெட்டியோடு வந்த வயரை விரலால் உருட்டிப் பார்த்துத் தனியே வைத்துவிட்டார். அதன் காரணம் எனக்கு அன்றே விளங்கியது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால், 25 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். மோட்டார் மெதுவாகும், சூடாகும், வயரும் சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். அண்ணாச்சி அதைவிடத் தடித்த வெல்டிங் கேபிளை எடுத்தார், வளைந்து கொடுக்கும் என்பதற்காக. வயர் முனையில் லக் என்ற உலோக மூடியைச் செருகி அமுக்கி, இழுத்துப் பார்த்து, அப்புறம் ஹீட் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். "ஃப்யூச கம்ப்ரசர் பக்கம் வச்சா, நடுவுல வயர் உரசித் தீப்பிடிச்சா எது காப்பாத்தும்?" என்றார். அங்கங்கே கம்ப்ரசர் பக்கம் ஃப்யூஸ் வைத்த வண்டிகளை இன்றும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

கம்பெனி வயரிங்கில் எங்கும் கத்தி வைக்கவில்லை. வைத்தால் வாரண்டி பேச்சு வரும். சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. அதில் 30, 87 என்று எண் போட்ட முனைகளுக்கு நடுவே பெரிய மின்சாரம். டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து 86-க்குச் சின்ன மின்சாரம். என்ஜின் ஓடும்போது மட்டும் கம்ப்ரசரை ஓடவிட வேண்டும். என்ஜின் சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட்டில் அது ஓடும் வேகம் வேறு, வெறும் பேட்டரியில் ஓடும் வேகம் வேறு. எர்த்தை நம்பிக்கையில்லாத பாடி போல்ட்டில் கொடுக்காமல் தனி வயராகவே கொண்டு போனோம். நெகட்டிவ் முனையில், போய்வரும் மின்சாரத்தை அளக்கும் பேட்டரி சென்சார் உள்ள வண்டிகளில் நேரே முனையில் மாட்டாமல், சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடி எர்த் இருக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கில் வராது.

இடம்தான் ரொம்ப நேரம் எடுத்தது. சீட்டுக்கு அடியில் வைத்தால் சூடும் தண்ணீரும் அண்டாது. ஆனால் மூன்று கதவுத் தாரில் பின்னால் ஏறுவதற்கு முன் சீட்டு மடங்கி நகர வேண்டும், சத்தமும் காதுக்குள் இருக்கும். கடைசியில் என்ஜின் அறையிலேயே, டர்போ சூடு படாத பக்கம், உயரமாக, தடித்த தகட்டில் பிராக்கெட் வளைத்து மாட்டினோம். காற்று இழுக்கும் ஃபில்டரை மட்டும் அங்கே விடவில்லை. சூடான காற்று லேசானது, அதை இழுத்தால் டயருக்குப் போகும் அளவும் குறையும். ஒரு ஹோஸ் போட்டு, தண்ணீர் தெறிக்காத, கொஞ்சம் குளிர்ந்த மூலைக்கு அதை ஏற்றிவிட்டோம். தேரித் தூசி எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்கள் இந்த ஒரு ஹோஸுக்குச் சோம்பல்பட மாட்டார்கள்.

நான் நீல நிறப் பியூ ட்யூபை, அதாவது பிளாஸ்டிக் குழாயை, நேராகக் கம்ப்ரசரிலிருந்து இழுக்கலாமா என்று கேட்டபோது, அண்ணாச்சி வெளியே நின்ற லாரிக்கு அடியில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "கம்ப்ரசர்ல இருந்து கெளம்புற பைப்பப் பாருங்க, இரும்பு. டேங்க் பக்கம் போனப்புறம்தான் நைலான். காத்த நசுக்குனா கொதிக்கும் தம்பி." அதனால் முதல் ஒன்றரை அடிக்கு ஸ்டீல் வலை போட்ட ஹோஸ், நடுவில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, அப்புறம்தான் முன் பம்பர் பக்கம் வரும் லைனும், ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளரும். டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கிய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். ஒரு எல்போவில், அதாவது வளைந்த இணைப்பில், கடுகளவு குமிழி ஒன்று வந்து உடைந்து, மறுபடி வந்தது. அதைக் கழற்றி, டேப்பை உரித்துவிட்டு மறுபடி சுற்றினார். "இப்ப கடுகு. ஆறு மாசத்துல சீறும்." பிரேக்குக்குக் காற்றை நம்பி மலை இறங்கும் வண்டிகளைப் பார்க்கிறவரின் கை அது. என் டயர் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை என்று அவர் நினைக்கவே இல்லை. அந்த ஒழுங்குக்காகவே அவரிடம் போனதில் எனக்கு நிறைவு.

அடுத்த பதநீர்க் காலம்

அதே தடம், ஏறக்குறைய அதே ஆட்கள். தடத்தின் வாசலில் இந்தத் தடவை பேச்சே எழவில்லை. பம்பரில் கப்ளரைப் பார்த்ததும் ஆளாளுக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு டயர் பக்கம் குனிந்தார்கள். 15. கேஜில் 17 காட்டிய ஒருவர், கேட்காமலே இன்னும் இரண்டு இறக்கினார். மேட்டில் யாரும் வேகம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. எல்லா வண்டியும் இரண்டாம் கியரில் நடந்து ஏறின.

ஏறியபின் திரும்பி வந்து தடத்தைப் பார்த்தேன். போன தடவை பள்ளம் விழுந்து ஓரம் சரிந்த இடத்தில், இப்போது டயரின் பூ வரி வரியாக அப்படியே மண்ணில் பதிந்திருந்தது. நிமிர்த்தி வைத்த வடலி ஓர் ஓலை கூடுதலாக விட்டிருந்தது. எனக்கு இதில்தான் மனம் நின்றது. அந்தத் தடம் எங்களுக்கு ஒரு நாள் பொழுது. காலையில் பதநீர்க் குடங்களோடும் மாலையில் கருப்பட்டிச் சிப்பங்களோடும் அதில் போகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. நாங்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தை அப்போது மண்வெட்டி எடுத்து மூடியது பெரியப்பா வீட்டு ஆட்கள். வண்டி மாட்டிக்கொண்டால் நமக்கு ஒரு கதை கிடைக்கிறது என்று பெருமையாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: அந்த இடத்தில் அடுத்த நாள் யார் நடக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

திரும்பும்போது வண்டிக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஹோஸை மாற்றி மாற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்து. யாரும் 15-இல் ரோட்டுக்குப் போகவில்லை. கையில் சூடு தெரிந்த டயருக்கு இரண்டு பிஎஸ்ஐ கூட்டி வைத்தோம், ஆறினால் சரியாகிவிடும் என்று. மைத்துனரும் அன்று கூட வந்திருந்தார். பஞ்சர் கடை பற்றி அவர் மறுபடி எடுக்கவில்லை. தன் வண்டிக்கு எத்தனை ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்று என்னிடம் கேட்டார்.

காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் ஒன்றையும் சேர்த்துக்கொள் என்று நண்பன் சொல்கிறான். ரிம்மை விட்டுக் கழன்ற டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்க டேங்கில் சேர்த்து வைத்த காற்றுதான் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றை நசுக்கினால் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். லாரிக்காரர்கள் காலையில் கயிற்றை இழுத்து 'புஸ்' என்று அதை வெளியேற்றுவதைத் தினசரி வேலையாக வைத்திருக்கிறார்கள். எப்போதாவது மண்ணுக்குப் போகிற வண்டியில் அது மறந்து துருப்பிடிக்கத்தான் செய்யும். அதனால் இப்போதைக்கு டேங்க் வேண்டாம். நாலு டயரையும் ஒரே சமயத்தில் இணைத்து, நாலிலும் ஒரே அழுத்தம் நிற்கும்படி செய்யும் ஹோஸ்தான் அடுத்து வேண்டும். அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். லாரி நைலான் பைப்பிலேயே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பின் சக்கரத்துக்குப் போகும் நீளத்தை அளந்துகொண்டு வரச் சொன்னார்.